அக்கறை மேனேஜர்

2020 மார்ச் 24. இரவு 8 மணிக்குப் பிரதமர் 21 நாள் ஊரடங்கு என்றார். ஒன்பதுக்கெல்லாம் எங்கள் மேனேஜரின் மெயில் வந்துவிட்டது: "யாரும் வேலையைப் பத்தி பயப்பட வேண்டாம்." அதுவரை அரிசி, பருப்பு, பால் பாக்கெட்டுக்கு மட்டும் பயந்துகொண்டிருந்த 14 பேரும் அந்த நிமிடம் முதல் வேலைக்கும் பயப்பட ஆரம்பித்தோம்.

சென்னை ஓஎம்ஆர் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களில் மாடிக்கு ஒருவராவது இப்படி உண்டு. சாதாரண நாளில் "டெலிவரி என்னாச்சு?" என்பதற்கு மேல் வாய் திறக்காதவருக்கு, நெருக்கடி வந்துவிட்டால் அக்கறை பொங்கி வழியும். "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்பார். சம்பளம் பிடிப்பார்களா என்று கேட்டால், "மேலேர்ந்து இன்னும் தகவல் வரல" என்பார். "வதந்தியை நம்பாதீங்க" என்பார். அப்படியொரு வதந்தி இருப்பதே அப்போதுதான் தெரியும். தேடிப் பிடித்து நம்புவோம்.

ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு நாடே 9 நிமிடம் விளக்கேற்றியது. அந்த நேரமாவது லேப்டாப்பை மூடலாம் என்றிருந்தோம். "கேமராவை ஆன் பண்ணிட்டு ஏத்துங்க, டீம் ஸ்பிரிட் தெரியட்டும்" என்றார்.

தினமும் காலை மீட்டிங். "நான் பேசறது கேக்குதா?" என்பதில் பத்து நிமிடம். "யார் வீட்லங்க குக்கர் விசில்? ம்யூட் பண்ணுங்க" என்பதில் பத்து நிமிடம். பிறகு மனநலம். இன்றைய மனநிலைக்கு ஐந்துக்கு எத்தனை மார்க் என்று எல்லோரும் போட வேண்டும். ஒரு பெண் உண்மையாக 2 போட்டாள். ஏன் 2 என்று விளக்க அவளுக்கு மட்டும் தனி மீட்டிங், ஒரு மணி நேரம். மறுநாள் முதல் எல்லோரும் 5. டீமின் மன உளைச்சல் ஒரே நாளில் தீர்ந்ததாக மேலிடத்துக்கு ரிப்போர்ட் போனது.

ஜூன் மாதம் ஒருநாள், மீட்டிங் முடிந்ததாக நினைத்து அவரே ம்யூட் போட மறந்தார். மனைவியிடம் சொல்வது எங்களுக்கும் கேட்டது: "அடுத்த மாசம் எனக்கே வேலை இருக்குமான்னு தெரியல. கேட்டா ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டேங்கறாங்க. ராத்திரி தூக்கமே வரல."

மூன்று மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் தகவல் அது. யாரும் "ம்யூட் பண்ணுங்க சார்" என்று சொல்லவில்லை.

மறுநாள் மார்க் போடும் நேரம் வந்தது. 14 பேரும் 2 போட்டோம். சற்று நேரம் கழித்து, முதன்முறையாக அவர் பெயருக்கு நேரேயும் ஒரு 2 விழுந்தது.

விளக்க மீட்டிங் எதுவும் போடவில்லை.