சார் பார்த்த போன்

தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். பிழைப்பு என்னவோ வேறு. ஓர் ஊரில் அவர் ஏ.சி. மெக்கானிக், இன்னோர் ஊரில் கூட்டுறவு வங்கியில் நகை மதிப்பீட்டாளர். எங்கள் பகுதியில் அவர் மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆசிரியர். யார் வீட்டிலாவது ‘செகண்ட் ஹேண்டுல ஒரு போன் பாக்கணும்’ என்று பேச்சு எழுந்தால், ‘சார்கிட்ட ஒரு வார்த்த கேட்டுரு’ என்று இன்னொருவர் முடித்து வைப்பார். சம்பளம் இல்லை, கமிஷன் இல்லை. ஒரு டீ, இரண்டு வாழைக்காய் பஜ்ஜி. அதற்காக ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை எழுதிக் கொடுத்துவிடுவார்.

சாருக்குப் போன் வாங்கிக் கொடுக்கும் ஆசையைவிட, வேண்டாம் என்று சொல்லும் ஆசை அதிகம். ரிச்சி தெருவில் ஏறி இறங்கிய கடைகளையும் பர்மா பஜாரில் திருப்பிக் கொடுத்த போன்களையும் அவர் விவரிக்கும்போது, பழைய போர்வீரர் தழும்பைக் காட்டும் தோரணை முகத்தில் தெரியும். விளம்பரத்தைப் படிக்கும்போதே வேலை தொடங்கிவிடும்.

‘டாக்டர் யூஸ் பண்ணினது’ என்றால், “ராத்திரி பகலா அடிச்சுக்கிட்டே இருந்திருக்கும். பேட்டரி காலி.”

‘வாங்கின நாளிலிருந்து கவர் போட்டது’ என்றால், “கவருக்குள்ள மண்ணு பூந்து ஓரமெல்லாம் அரிச்சிருக்கும்.”

‘அவசர விற்பனை.’ இந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றுவார். “அவசரம் விக்கிறவனுக்கா, இல்ல அவனத் தேடுற போலீசுக்கா?”

விற்பவரைச் சந்திக்கும் இடத்தையும் அவரே முடிவு செய்வார். வெயில் விழும் டீக்கடை வாசல். வீட்டுக்குள் ட்யூப்லைட் வெளிச்சத்தில் போன் பார்ப்பவனைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. சாவிக்கொத்தில் சிம் ஊசி, சட்டைப் பையில் சொந்தச் சார்ஜர், இயர்போன், இன்னொரு சிம். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி எண்ணி, வாலைத் தூக்கும் தரகருக்கு அவர் நேர் வாரிசு.

முதலில் சிம் தட்டை உருவுவார். அந்தத் துளைக்குள் டார்ச் அடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். பல போன்களில் அங்கே ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். தண்ணீர் பட்டால் வெள்ளை சிவப்பாகிவிடும். லிட்மஸ் தாளோடு வாழ்ந்த மனிதர் இல்லையா, இந்தச் சோதனையில் அவருக்குத் தனி மகிழ்ச்சி.

அடுத்து சொந்த சிம்மைப் போட்டு வீட்டுக்கு அடிப்பார். “கேக்குதா? ஒண்ணுமில்ல, சும்மாதான். காதுல வெச்சா ஸ்கிரீன் அணையுதான்னு பாக்குறேன்.” மறுமுனையில் “கேக்குது, வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க” என்று பதில் வந்தால் மைக்கும் ஸ்பீக்கரும் பாஸ். மனைவிக்கு அவர் கூப்பிடுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட நேரங்களில்தான் என்று கேள்வி.

சாம்சங் போன் என்றால் டயல் பேடில் *#0*# அடித்து ஒரு ரகசிய மெனுவைத் திறப்பார். திரை முழுக்கச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறும். டீக்கடையில் நிற்கும் நாலு பேரும் எட்டிப் பார்ப்பார்கள். அந்த நாலு பேருக்காகவே இன்னொரு முறை மாற்றிக் காட்டுவார். பிறகு கட்டம் கட்டமாக விரலால் தேய்த்து, டச் எங்கே செத்திருக்கிறது என்று தேடுவார். அமோலெட் திரையில் ஒரே படம் நாள்கணக்கில் நின்றால் நிழல் படிந்துவிடும். வெள்ளைப் பின்னணியில் பார்த்தால் முந்தைய ஓனர் விடாமல் பார்த்த டிவி சேனலின் லோகோ மூலையில் ஆவியாக நிற்கும். “நியூஸ் பாக்குற குடும்பம்” என்பார் சார்.

ஐபோன் கையில் கிடைத்தால் அவர் வேறு மனிதர். பேட்டரி ஹெல்த் நூறு சதவீதம் என்று காட்டினால் நமக்குச் சந்தோஷம். அவருக்கு முகம் சுருங்கும். “மூணு வருஷப் போன்ல நூறா? மாத்தியிருக்கான்.” எண்பதுக்குக் கீழே இருந்தால் இன்னும் சுருங்கும். தொண்ணூற்றிரண்டு இருந்தால், அதில் ஏதோ சூது இருக்க வேண்டும் என்று இன்னொரு டீ சொல்வார். மாடல் எண்ணின் முதல் எழுத்தையும் விடமாட்டார்: எம் என்றால் புதிதாக விற்றது, எஃப் என்றால் நிறுவனம் புதுப்பித்து விற்றது, என் என்றால் பழுதுக்குப் பதிலாகக் கொடுத்தது. டிஸ்ப்ளேயையோ பேட்டரியையோ வெளிக்கடையில் மாற்றியிருந்தால், புது மாடல்களில் செட்டிங்ஸுக்குள் ‘அபவுட்’ பக்கமே காட்டிக் கொடுத்துவிடும். டிஸ்ப்ளே மாற்றின போன் என்று நிரூபணமானால் விற்பவரை அவர் பார்க்கும் பார்வையில், பிராக்டிகல் தேர்வில் தாமிர சல்பேட்டை இரும்பு சல்பேட் என்று எழுதிய மாணவன் தெரிவான்.

ஒருமுறை விற்க வந்தவன் உண்மையிலேயே அவருடைய பழைய மாணவன். “சார், நல்லாருக்கீங்களா?” என்று எழுந்து நின்றான். 9,000 சொன்னவன் அந்த வணக்கத்திலேயே 7,500-க்கு வந்துவிட்டான். அதையும் தன் பேரம் பேசும் திறமைக்கே அவர் வரவு வைத்துக்கொண்டார்.

இவ்வளவு செய்பவர், ஐஎம்ஈஐ எண்ணை மட்டும் கடைசியில், விலை படிந்து, பணம் எண்ணும்போதுதான் பார்ப்பார். சில நாள் மறந்தும் போவார். ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். *#06# அடித்தால் 15 இலக்க எண் வந்துவிடும், இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண். ஆறாம் வகுப்புப் பையனும் அடிப்பான். டீக்கடையில் ஒருவரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். எல்லோருக்கும் தெரிந்த வித்தையில் நிபுணருக்கு என்ன மரியாதை?

கீறல் விழுந்த திரையோடு வாழலாம். பேட்டரியை மாற்றலாம். திருட்டுப் போனை என்ன செய்வது? தொலைந்த போனின் ஐஎம்ஈஐ-யை அரசின் பதிவேட்டில் முடக்கிவிட்டால், எந்த சிம் போட்டாலும் சிக்னல் வராது. அந்த எண்ணையே மாற்றி எழுதித் தரும் ஆட்களும் உண்டு. தொலைத்தொடர்புச் சட்டம் 2023-ன்படி அதற்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பூட்டு விவகாரமும் இப்படித்தான். பழைய ஓனர் தன் ஜிமெயிலையோ ஆப்பிள் ஐடியையோ வெளியே எடுக்காமல் கொடுத்துவிட்டால், ரீசெட் செய்த பிறகு போன் அவருடைய பாஸ்வேர்டைத்தான் கேட்கும். அவர் நம்பர் அதற்குள் மாறியிருக்கும். தவணையில் வாங்கிய போன் இன்னும் மோசம். இரண்டு மாதம் ஒழுங்காக ஓடும், விற்றவர் தவணை கட்டாமல் விட்டால் ஒரு காலையில் நம் கையிலேயே பூட்டிக்கொள்ளவும் கூடும். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போனையும் ‘கண்டிஷன்’ என்று கொண்டாடுகிறோம். அதில் வங்கி ஆப்பை வேறு வைத்துக்கொள்கிறோம்.

சாரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். பார்த்துக் கொடுத்த போனுக்கு அவர் ஆயுள் முழுக்க வாரண்டி. ஒன்றரை வருடம் கழித்துப் பேரப்பிள்ளை அதைக் குடத்தில் போட்டாலும், “நீங்க பாத்துத்தானே சார் குடுத்தீங்க?” என்று வாசலில் வந்து நிற்பார்கள். அதனால் இப்போதெல்லாம் தீர்ப்பைச் செதுக்கிச் சொல்கிறார்: “என்னக் கேட்டா பரவால்ல. ஆனா எதுக்கும் யோசிச்சுக்குங்க. எடுக்குறதுன்னா எடுங்க.” உயர் நீதிமன்றத்தில் வைத்து வாதாடினாலும் இதிலிருந்து அவர் வாங்கச் சொன்னாரா, வேண்டாம் என்றாரா என்று நிறுவ முடியாது.

சார் உங்களோடு வரட்டும், ஸ்டிக்கரைப் பார்க்கட்டும், கொத்தமல்லி வாங்கிப் போகட்டும். அவர் டார்ச் அடித்துக்கொண்டிருக்கும்போதே நீங்கள் *#06# அடித்து, வரும் எண் பில்லிலும் பெட்டியிலும் இருக்கும் எண்ணோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பிறகு கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, அந்த 15 இலக்கம் என்று 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். எந்த நிறுவனம், எந்த மாடல், முடக்கப்பட்ட போனா என்று தொலைத்தொடர்புத் துறையே பதில் அனுப்பும். பழைய ஓனரின் கணக்கை உங்கள் கண்ணெதிரே நீக்கச் சொல்லி, ரீசெட் செய்து, போன் புதிதாகத் தொடங்குவதைப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள். 14422-க்கு டீயும் பஜ்ஜியும் வாங்கித் தர வேண்டியதில்லை.