சாமி விளக்கும் திருச்சி வானொலியும்

எங்கள் வீட்டில் உரிமம் இல்லாத ஒலிபரப்பு நிலையங்கள் பல இருக்கின்றன. சமையலறையில் ஒன்று, ஹாலில் ஒன்று, மாடிப்படிக்கு அடியில் ஒன்று. எதுவும் தன் பெயரை அறிவிப்பதில்லை, விளம்பரம் போடுவதில்லை. ‘கொர்ர்ர்’ என்ற ஒரே நிகழ்ச்சியை இடைவேளை இல்லாமல் நடத்துகின்றன. இவற்றுக்கு நடுவே உரிமம் உள்ள நிலையம் ஒன்றும் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறது: மத்திய அலை 936 கிலோ ஹெர்ட்ஸ், திருச்சி வானொலி. கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு அதைக் கேட்கப் போராடுகிற கடைசி ஆள் நான்தான் என்பது என் மனைவியின் கணிப்பு.

எங்கள் பக்கத்துக்கும் திருச்சி மத்திய அலைக்கும் உள்ள உறவு பழையது. 1960-களில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 நெல்லைப் பற்றி அந்த நிலையம் சொல்லிச் சொல்லி, விவசாயிகள் அதை ‘ரேடியோ நெல்’ என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். வரப்பில் டிரான்சிஸ்டரை வைத்தால் உரம் எவ்வளவு, தண்ணீர் எப்போது என்று தெளிவாகக் காதில் விழுந்தது. விழாமல் என்ன செய்யும்? வயலில் மிக்ஸி இல்லை.

மிக்ஸியைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அதன் மோட்டாருக்குள் இரண்டு கார்பன் துண்டுகள் செம்புப் பட்டைகளின் மேல் உரசிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு உரசலிலும் ஒரு சின்னப் பொறி. 1887 வாக்கில் ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளர் இப்படிப் பொறியடித்துத்தான் வானொலி அலை என்று ஒன்று இருப்பதை நிரூபித்தார். 1912-இல் டைட்டானிக் கப்பல் உதவி கேட்டுக் கதறியதும் பொறி அடிக்கிற கருவியால்தான். ஒரு நிலையம் பேசினால் அலைவரிசை முழுக்க அடைத்துக்கொள்கிறது என்று பிற்பாடு நாடுகள் கூடிப் பேசி அந்தக் கருவிகளை ஒழித்துக்கட்டின. அந்தத் தீர்மானம் எங்கள் சமையலறைக்கு இன்னும் வந்துசேரவில்லை. காலை 6.45 மணி மாநிலச் செய்தியும் தேங்காய்ச் சட்னியும் ஒரே நேரத்தில்தான் நடக்கும். முதலமைச்சர் என்ன அறிவித்தார் என்பது எனக்குப் பல நாள் மதியம்தான் தெரியும்.

மிக்ஸி ரிப்பேர்க்காரர், “கார்பன் தேஞ்சுபோச்சு சார், அதான் பொறி பறக்குது” என்று மாற்றிக் கொடுத்தார். இரைச்சல் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதியை நான் எதிர்க்கவில்லை. சட்னி இல்லாத வீட்டில் செய்தி கேட்டு என்ன பயன்?

இந்தக் கட்டத்தில்தான் மச்சினன் வந்தான். எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். “ஷீல்டிங் பண்ணணும் அத்தான், ஃபாரடே கூண்டு” என்றான். சப்பாத்தி சுற்றும் ஃபாயில் பேப்பரை எடுத்து, என் டிரான்சிஸ்டரைத் தலையிலிருந்து கால்வரை மூன்று சுற்றுச் சுற்றினான். இரைச்சல் அடங்கிவிட்டது. கூடவே திருச்சியும் அடங்கிவிட்டது. “பாத்தீங்களா, எவ்வளவு சுத்தமா இருக்கு!” என்றான். மயானமும் சுத்தமாகத்தான் இருக்கும், மாப்ளே.

கூண்டுக்குப் பெயர் கொடுத்த விஞ்ஞானி ஃபாரடே மேல் தவறில்லை. அவர் 1836-இல் பன்னிரண்டு அடிச் சதுரத்தில் ஒரு கூண்டு கட்டி, உலோகத் தாள் ஒட்டி, தானே உள்ளே போய் நின்றார். வெளியே எவ்வளவு மின்சாரம் ஏற்றினாலும் உள்ளே ஒன்றும் எட்டவில்லை. ஆனால் அவர் கையில் ரேடியோ இல்லை. ரேடியோ அலையைக் கண்டுபிடிக்கவே இன்னும் ஐம்பது வருடம் இருந்தது. உலோகக் கவசத்துக்கு நல்ல அலை, கெட்ட அலை என்ற பேதம் கிடையாது. வருகிற எதையும் வாசலிலேயே நிறுத்தும். ஆகவே கவசத்தைக் கேட்பவனுக்குப் போடக் கூடாது, கத்துபவனுக்குப் போட வேண்டும். கம்ப்யூட்டரின் தகரப் பெட்டி, கேபிள் டிவி ஒயருக்குள் இருக்கிற பின்னல் கம்பி, மைக்ரோவேவ் அடுப்புக் கதவின் கண்ணாடியில் தெரிகிற புள்ளி வலை எல்லாம் இந்த வேலைக்குத்தான்.

மைக்ரோவேவ் என்றதும் ஆஸ்திரேலியா ஞாபகம் வருகிறது. பார்க்ஸ் என்ற ஊரில் 64 மீட்டர் அகலக் கிண்ணத்தோடு ஒரு வானொலித் தொலைநோக்கி இருக்கிறது. 1998 முதல் அதில் அவ்வப்போது ஒரு மர்ம சமிக்ஞை விழுந்தது. பெரிடான் என்று பெயர் வைத்து, மின்னலா, வேறு ஏதாவதா என்று அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அது வேலை நேரத்தில் மட்டும், அதுவும் சாப்பாட்டு வேளையை ஒட்டியே வந்தது என்பது கொஞ்சம் யோசிக்க வைத்திருக்க வேண்டும். 2015-இல் விடை கிடைத்தது. அந்த வளாகத்திலேயே யாரோ பசி தாங்காமல், மைக்ரோவேவ் அடுப்பு ஓடி முடிவதற்குள் கதவைத் திறந்திருக்கிறார்கள். கதவு திறந்த அந்தக் கணத்தில் கூண்டிலிருந்து தப்பிய அலைதான் பெரிடான்.

திருடனை முதலில் வீட்டுக்குள்ளேயே தேட வேண்டும் என்பதற்காக இந்தக் கதையை மனைவியிடம் சொன்னேன். “நம்ம வீட்ல மைக்ரோவேவே இல்லீங்களே” என்று வழக்கை முடித்துவிட்டாள்.

தேடுகிற முறை எளிது. பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அறைக்கும் மின்சாரத்தை நிறுத்தும் எம்.சி.பி. சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைக்க வேண்டும். எதை அணைத்ததும் இரைச்சல் நிற்கிறதோ அந்த அறையில் குற்றவாளி. எளிய முறைதான், வீட்டில் வேறு யாரும் குடியில்லை என்றால். ஹாலை அணைத்தேன், சீரியலில் கல்யாணம் பாதியில் நின்றது. மாடியை அணைத்தேன், பையனின் வைஃபை போய், “அப்பா, ஆப்ல கேளுங்களேன்!” என்று மேலிருந்து ஒரு குரல். பொறுமை போய் மெயினையே அணைத்தேன். உடனே மாடிப்படி அடியில் இன்வெர்ட்டர் விழித்துக்கொண்டு, இதுவரை நடந்ததெல்லாம் ஒத்திகை என்பதுபோல் கத்த ஆரம்பித்தது. இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் அதை முதலில் அணைத்துவிட்டுப் பிறகு மெயினுக்குப் போவது நலம்.

சந்தேகத்துக்கு உரியவர்கள் எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் குற்றவாளிகள்தான். திருகினால் வேகம் மாறும் பழைய ஃபேன் ரெகுலேட்டர், மின்சாரத்தை நொடிக்கு நூறு முறை வெட்டிக் கொடுக்கிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் ரேடியோவில் ஒரு ‘ட்ர்’. செல்போன் சார்ஜர் வேறு ராகம். ஆனால் பிரதான எதிரி சாமி அறையில் இருந்தார். பெருமாள் படத்துக்கு மேலே இரவும் பகலும் எரிகிற, மலிவாக வாங்கிய எல்.இ.டி. பல்பு.

எல்.இ.டி. பல்புக்குள் ஒரு குட்டி மின்சுற்று, நொடிக்குப் பல்லாயிரம் தடவை மின்சாரத்தைப் போட்டு அணைத்துக்கொண்டே இருக்கிறது. அந்தத் துடிப்பு தன் மடங்குகளையெல்லாம் வாரி இறைக்கும். 78 கிலோ ஹெர்ட்ஸில் துடிக்கிற ஒரு பல்பு இருந்தால் அதன் பன்னிரண்டாம் மடங்கு எங்கே விழும் என்று பெருக்கிப் பாருங்கள். மிகச் சரியாக 936. இதை வடிகட்ட ஒரு சுருளும் ஒரு கெப்பாசிட்டரும் போதும். சில ரூபாய் மிச்சம் பிடிக்க அவற்றை விட்டுவிடுகிறார்கள். பல்பு தனியாகக் கத்தினால்கூடப் பரவாயில்லை. சுவருக்குள் ஓடும் ஒயரிங் முழுவதும் அதற்கு ஏரியல் ஆகிவிடுகிறது.

கருவியைத் திருப்பி வைத்தும் தப்பிக்கலாம். டிரான்சிஸ்டருக்குள் இருக்கிற ஃபெரைட் கம்பி, பக்கவாட்டில் வருவதை நன்றாகக் கேட்கும். இரண்டு முனைகளின் திசையில் ஏறக்குறையச் செவிடு. கும்பகோணத்துக்குத் திருச்சி மேற்கே இருக்கிறது. அதனால் கம்பி தெற்கு வடக்காக இருக்க வேண்டும். வடக்கிலும் தெற்கிலும் இருக்கிற சத்தங்கள் தானாக அமுங்கும். எங்கள் சாமி அறையோ, வாஸ்து பார்த்தவர் கைங்கரியத்தில், வடகிழக்கு ஈசானிய மூலையில் இருக்கிறது. முழுதும் அமுக்கவும் முடியாமல், முழுதும் கேட்கவும் முடியாமல், நாற்பத்தைந்து பாகையில் நின்று கழுத்தறுக்கிறது. மனையடி சாஸ்திரம் எழுதியவர்கள் ஃபெரைட் கம்பியைக் கணக்கில் எடுத்திருக்கலாம்.

கடைசியில் அம்மாவிடம் போனேன்.

“சாமி ரூம்ல லைட்டை அணைச்சுட்டு என்னத்தடா கேக்கப் போற?”

“காலையில பக்திப் பாட்டும்மா. அதை இந்த லைட்டுதான் கெடுக்குது.”

அம்மா கொஞ்சம் யோசித்தாள். பிறகு தீர்ப்பு வந்தது: “அப்ப நல்லெண்ணெய் விளக்கு ஏத்து. திரி போடுறதும் தொடைக்கிறதும் நீதான்.”

நல்லெண்ணெய் விளக்குக்கு மடங்கு அலைகள் கிடையாது, வடிகட்டி வேண்டாம், பூமி இணைப்பு வேண்டாம். அலைவரிசைத் தூய்மையில் அதற்கு இணையான விளக்கு இதுவரை உருவாகவில்லை என்பது என் முடிவு.

மிச்சம் இருந்தது இன்வெர்ட்டரும் சார்ஜர்களும். அவற்றுக்குப் பழைய இரும்புக் கடையில் மருந்து கிடைத்தது. லேப்டாப் ஒயரின் நுனியில், எலி விழுங்கிய பாம்பு மாதிரி ஒரு தடிப்பு இருக்குமே, அது ஃபெரைட். ஒயர் வழியாக ஏறி வருகிற இரைச்சலை அது மறிக்கும். அந்தத் தடிப்பு சின்னது. மத்திய அலைக்குப் பெரிய வளையம் வேண்டும். பழைய பெட்டி டிவியின் படக்குழாய்க் கழுத்தில் மாட்டியிருக்கும் யோக் என்ற கம்பிச்சுருளில் அப்படி ஒன்று உண்டு. கரியாக, உடையக்கூடியதாக இருக்கும். கடைக்காரர் செம்புக் கம்பியை உருவிக்கொண்டு வளையத்தைத் தூக்கிப் போடப் போனார். நான் கேட்டதும் அதற்கு உடனே விலை வந்துவிட்டது. சார்ஜர் ஒயரை அதில் ஒரு சுற்றுக்குப் பதிலாக மூன்று சுற்றுச் சுற்றினால், தடுக்கும் திறன் மூன்று மடங்கல்ல, ஒன்பது மடங்கு. வட்டிக்கு விடுபவர்கள்கூட இந்த விகிதம் கேட்பதில்லை.

இப்போது செய்தி கேட்கிறது. பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் மட்டும் மிச்சம். அவரிடம் போய் உங்கள் இன்வெர்ட்டரில் இரும்புக் கடைச் சாமானைக் கட்டலாமா என்று கேட்கிற அளவுக்கு எங்கள் பழக்கம் முற்றவில்லை.

இனி பல்பு வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எரிகிறது என்று கடையில் ஹோல்டரில் மாட்டிக் காட்டுவார்கள். அதை நம்பி டஜன் கணக்கில் வாங்காதீர்கள். ஒன்று மட்டும் வாங்கி, வீட்டில் மாட்டி, பக்கத்தில் ஒரு டிரான்சிஸ்டரைக் கொண்டுபோய்ப் பாருங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது “ரேடியோ இரையுது” என்று சொன்னால் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள். “மினுக்குது” என்று சொல்லுங்கள், உடனே மாற்றித் தருவார்கள்.