கொஞ்சம் பார்த்துக்கோ

'வேண்டாம் என்று சொல்வது எப்படி?' என்ற தலைப்பில் பேசக் கூப்பிட்டார்கள். என்னால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

கூப்பிட்டது நான் படித்த பொறியியல் கல்லூரி. கணினித் துறை மாணவிகளுக்கு ஐ.டி. வேலையைப் பற்றியும், வேலைக்கு எல்லை வகுத்துக்கொள்வது பற்றியும் நாலு வார்த்தை சொல்லவேண்டுமாம். "ஆன்லைன்தான் மேடம், முப்பதே நிமிஷம்" என்றார் ஒருங்கிணைப்பாளர். அன்று நான் விடுப்பில் ஜவ்வாது மலையில் இருப்பேன் என்றேன். "அப்ப இன்னும் வசதியாப் போச்சு, ஃப்ரீயாத்தானே இருப்பீங்க" என்றார். சரி என்று சொன்ன பிறகு போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தேன். சுவர் ஒன்றும் சொல்லவில்லை. கணவர் சொன்னார், அதை இங்கே எழுத வேண்டாம்.

புதன்கிழமை ஆயுத பூஜை. லேப்டாப்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்து சரஸ்வதி படத்துக்கு முன்னால் படுக்க வைத்தேன். அன்று கருவிகளுக்கெல்லாம் ஓய்வு. அலுவலக நேரத்துக்குப் பிறகு போனை எடுக்காமல் இருக்கும் உரிமைக்குப் பிரான்சில் 2017-இல்தான் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இங்கே சுப்ரியா சுலே 2018-இல் மக்களவையில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். அது மசோதாவாகவே நின்றுபோனது. நம் வீடுகளில் அரிவாள்மணைக்கும் சுத்தியலுக்கும் எப்போதோ கொடுத்த உரிமை அது. ஆயுத பூஜையன்று புத்தகத்தைத் தொட்டாலே பாட்டி கையில் அடிப்பாள். ஆனால் இரவு ஒன்பது மணிக்கு சர்வர் படுத்துக்கொண்டது. சரஸ்வதியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, குங்குமத்தைத் துடைக்காமலே லேப்டாப்பைத் திறந்தேன். இன்றைக்கும் என்டர் பட்டன் கொஞ்சம் சிவப்பு.

மறுநாள் வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக மலையேறினோம். வழியில் காவலூர். மரங்களுக்கு மேலே வைணு பாப்பு வானாய்வகத்தின் வெள்ளைக் கும்மட்டம் தெரிந்தது. 1986-இல் அங்கே நிறுவிய 2.34 மீட்டர் தொலைநோக்கி பற்றி மகனுக்குச் சொன்னேன். 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அந்த வெளிச்சம் மங்கியதை இதே மலையிலிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியில் கவனித்தவர்கள் உண்டு. யுரேனசுக்கு வளையம் உண்டென்று உலகம் தெரிந்துகொண்டது அப்போதுதான். "மேகம் வந்தா என்ன செய்வாங்க?" என்றான். மூடிவிட்டுக் காத்திருப்பார்கள் என்றேன். "திட்ட மாட்டாங்களா?" என்று கேட்டான். ஒன்பது வயதுப் பையனுக்கு இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

ஜமுனாமரத்தூர் கடைத்தெருவில் போனில் இரண்டு கோடு இருந்தது. நாங்கள் தங்கிய ஊர் அங்கிருந்து உள்ளே தள்ளி. அங்கே கோடே இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தேன். வீட்டுக்கார அண்ணன் பரிதாபப்பட்டு, "எங்க அக்கா கொல்லையில பரண் இருக்குது. அது மேல ஏறினா டவர் வரும்" என்றார். கணவரும் மகனும் பீமன் அருவிக்குக் கிளம்ப, நான் பரணுக்குக் கிளம்பினேன்.

நாலு மரக்கால், மேலே மூங்கில் பரப்பு, அதன் மேல் புல் கூரை. சுற்றிலும் சாமை கதிர் முற்றித் தலைசாய்ந்து நின்றது. பகலில் குருவி, இரவில் காட்டுப்பன்றி. இரண்டுக்கும் காவல் அந்தப் பரணில்தான். மேலே அக்கா உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் கூழாங்கற்குவியலும் கவணும், இன்னொரு பக்கம் நசுங்கிய எண்ணெய் டின்னும் ஒரு குச்சியும். விஷயத்தைச் சொன்னதும் நகர்ந்து இடம் விட்டார். "நீ பேசு கண்ணு. நான் குருவி ஓட்டறேன்."

மலைக்குப் போய் மலைவாழ் மக்களிடம் ஞானம் வாங்கிவரும் கட்டுரைகள் எனக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் அங்கே போனது டவருக்காக.

சரியாக நாலு மணி. நாற்பது மாணவிகள், நாற்பது பேருடைய கேமராவும் அணைந்திருந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்கினேன். பெரிய வேலைக்கு முடியாது என்று சொல்வது சுலபம், யாரும் நம்மை அதற்குக் கூப்பிடுவதில்லை. நம்மை விழுங்குவது 'நீ கொஞ்சம் பார்த்துக்கோ' ரகம். மீட்டிங்கில் குறிப்பெடுக்க, புதிதாய்ச் சேர்ந்தவருக்கு கேன்டீன் காட்ட, பிறந்தநாள் கேக்குக்கு ஆளுக்கு நூறு ரூபாய் வசூலிக்க, பொங்கலுக்குக் கோலப்போட்டி நடத்த. மகளிர் தினத்தன்று பெண்களுக்கு ரோஜாவும் சாக்லேட்டும் கொடுப்பார்கள் அல்லவா? அந்த ரோஜாவை முந்தின நாள் கோயம்பேட்டில் பேரம் பேசி வாங்கிவந்தவள் நான். மறுநாள் காலையில் வரிசையில் நின்று அதில் ஒன்றை வாங்கிக்கொண்டு, "ஐயோ, தேங்க்ஸ்" என்றும் சொன்னேன். வருட இறுதி அப்ரைசலில் இதற்கெல்லாம் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

டங் டங் டங்.

"மேடம், என்ன சத்தம்?"

"குருவி ஓட்டறாங்கம்மா."

கொஞ்ச நேரம் மௌனம். பிறகு இரண்டு கேமராக்கள் உயிர்பெற்றன. அதுவரை என் பேச்சால் ஆகாத காரியம் அது.

அமெரிக்காவில் லிண்டா பாப்காக்கும் இன்னும் மூன்று பெண் ஆய்வாளர்களும் செய்த ஒரு சோதனையைச் சொன்னேன், 2017-இல் வெளியானது. மூன்று மூன்று பேராகக் குழு. இரண்டு நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் ஒரு பட்டனை அழுத்தினால் மூவருக்குமே பணம் கூடும், ஆனால் அழுத்தியவருக்கு மற்றவர்களைவிடக் குறைவு. ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில் ஆண்களைவிடப் பெண்கள் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அழுத்தினார்கள். சரி, பெண்ணுக்குத் தியாக குணம் என்று கவிதை எழுத உட்கார வேண்டாம். ஆண்கள் மட்டுமே இருந்த குழுவில் அவர்களும் அதே அளவுக்கு அழுத்தினார்கள். பக்கத்தில் ஒரு பெண் இருந்தால்தான் அவர்களுக்குக் கை வலிக்கிறது.

அக்கா குருவியை மறந்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "உன்னை ராத்திரியில யாரு கூப்பிடறா?" என்றார். மைக்கை அணைத்தேன்.

"சர்வர் படுத்துக்கும் அக்கா."

"யாரு படுத்துக்குவா?"

மிஷின் என்று விளக்கினேன். அதற்கு உடம்பு சரியில்லையென்றால் போனுக்கு மணி அனுப்பும். ஒரு ராத்திரிக்கு நாற்பது மணி, அதில் முப்பத்தெட்டு சும்மா.

"எல்லாத்துக்கும் எந்திரிப்பியா?" அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இங்க ராவெல்லாம் சத்தந்தான். முயல் வந்தா ஒரு வாய் தின்னுட்டுப் போவும், போவட்டும். பன்றி கூட்டமா வந்தா கொல்லையே கிளறிப் போட்டுடும். அதுக்குத்தான் தகரம் தட்டுவேன். முயலுக்கெல்லாம் எந்திரிச்சா பன்றி வரப்ப தூங்கிடுவேன்."

எங்கள் குழு ஆறு மாதம் உட்கார்ந்து, எந்த அலாரத்துக்கு ஆளை எழுப்ப வேண்டும், எதைக் காலையில் பார்த்தால் போதும் என்று ஐம்பது பக்க ஆவணம் தயாரித்தது. அதைத் தட்டச்சு செய்ததும் நான்தான்.

கேள்வி நேரம். ஒரு பெண் மகப்பேறு விடுப்பு பற்றிக் கேட்டாள். 2017 திருத்தத்தில் 26 வாரம் என்றேன்; ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகமும் கட்டாயம். இதே ஜவ்வாது மலையின் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, பிரசவமான ஓரிரு நாளில் தேர்வெழுதி சிவில் நீதிபதியான செய்தி 2024-இல் வந்தபோது எல்லாரும் பாராட்டினோம். நானும் ஸ்டேட்டஸ் வைத்தேன். பச்சை உடம்போடு ஒருத்தி இத்தனை தூரம் போய் எழுதவேண்டியிருந்ததே, தேதியை மாற்றிக்கொள்ள ஒரு வழி இருக்கக் கூடாதா என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு பெண் கேட்டாள்: "மேடம், லீவு நாள்ல மேனேஜர் போன் பண்ணா எடுக்கணுமா?"

பிரமாதமான கேள்வி என்று தொண்டையைச் செருமிக்கொண்டேன். அந்த நேரத்தில் போன் அதிர்ந்தது. திரையில் என் மேனேஜர் பெயர். விரல் தானாகப் பச்சைப் பட்டனுக்குப் போக, என் பேச்சு அந்தரத்தில் நின்றது.

அழைப்பு முடிந்து மாணவிகளிடம் திரும்பி, "நெட்வொர்க் பிரச்சினை" என்றேன்.

"யாரு, பன்றியா முயலா?" என்றார் அக்கா. மைக் அணைந்திருக்கவில்லை.

"முயல்தான்க்கா" என்றேன். ஆயுத பூஜைப் படங்கள் எந்த ஃபோல்டரில் இருக்கின்றன என்று கேட்கத்தான் அவர் கூப்பிட்டிருந்தார். நாற்பது கேமராக்களும் இப்போது திறந்திருந்தன.

பேச்சு முடிந்த இரண்டாவது நிமிடம் ஒருங்கிணைப்பாளரிடமிருந்து செய்தி: அருமை மேடம், இதையே இரண்டு பக்கமாக எழுதித் தந்தால் கல்லூரி மலரில் போடலாம், அடுத்த மாதம் இரண்டாமாண்டு மாணவிகளுக்கும் ஒரு முறை பேசவேண்டும். 'மன்னிக்கவும், முடியாது' என்று அடித்தேன். 'மன்னிக்கவும்' அதிகம் என்று அழித்தேன். மொட்டையாக இருந்தது; திரும்ப அடித்தேன். மறுபடி அழித்துவிட்டு, மனம் மாறுவதற்குள் அனுப்பிவிட்டேன். அதற்குள் டவர் போய்விட்டது. செய்திக்குப் பக்கத்தில் சின்னக் கடிகாரம் சுற்றாமல் நின்றது.

அக்கா சேலையை உதறிக்கொண்டு எழுந்தார். குழுக் கூட்டமாம். மகளிர் சுய உதவிக் குழுவுக்குக் கணக்கு எழுதுவது அவர்தான்.

"ஏன் நீங்களே எழுதறீங்க?"

"எட்டாவது வரைக்கும் படிச்சவ நான் ஒருத்திதான். கொஞ்சம் பாத்துக்கோன்னாங்க. ஒன்பது வருசம் ஆவுது." ஏணியில் பாதி இறங்கியவர் நின்று, டின்னையும் குச்சியையும் என் பக்கம் தள்ளினார். "இருட்டறதுக்குள்ள வந்துடறேன். கொஞ்சம் பாத்துக்கோ கண்ணு."

"சரிக்கா" என்றேன்.