‘நான் வேண்டாம்னு சொல்லலை’

கடப்பாறை மண்ணில் இறங்குகிற சத்தம் மட்டும் அவருக்கு எப்படிக் கேட்கிறதோ தெரியவில்லை. தன் வீட்டு வாசலில் சிலிண்டர்காரர் நின்று கத்தினால் காதில் விழாது. நாலு வீடு தள்ளி எவராவது ஒரு பூமரக் கன்றுக்குக் குழி வெட்ட ஆரம்பித்தால் போதும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டருகே நிற்பார். குழியைப் பார்ப்பார். கறுப்புப் பையில் இருக்கும் கன்றைப் பார்ப்பார். வீட்டை ஒருமுறை மேலிருந்து கீழே பார்ப்பார். அப்புறம் துக்கம் விசாரிக்கிற குரலில், “என்ன மரம்?” என்பார்.

நாம் சொல்லும் பதிலுக்கு அங்கே வேலையே இல்லை. எந்த மரத்தைச் சொன்னாலும் அடுத்த வாக்கியம் ஒன்றுதான். “தாராளமா வைங்க. நான் வேண்டாம்னு சொல்லலை. ஆனா…”

அந்த ‘ஆனா’வைத் தாண்டிப் பிழைத்த கன்றுகள் குறைவு.

யாரையும் மனதில் வைத்துக்கொண்டு இதை எழுதவில்லை. பொதுவாகத்தான் சொல்கிறேன். தாம்பரத்துக்குத் தெற்கே போனால் தெருவுக்கு ஒருவர் இருப்பார். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர். தணிக்கை வேலை பார்த்து ஓய்வு பெற்றவராக இருந்துவிட்டால் இன்னும் விசேஷம். பென்ஷன் வந்தாலும் ஆட்சேபணை எழுதுகிற கை சும்மா இருக்குமா?

நாம் ஒன்றும் ஆலமரம் நட்டு விழுது பிடித்து ஆடவேண்டும் என்று கேட்கவில்லை. அரை கிரவுண்டு மனை, 1200 சதுர அடி. அதில் வீடு, கார் நிற்க இடம், சம்ப், செப்டிக் டேங்க், போர் எல்லாம் போக வாசலில் எட்டடிக்குப் பத்தடி மண் மிஞ்சுகிறது. அதில் ஒரே ஒரு மரம். பூக்க வேண்டும், கூரைக்கு மேலே போகக் கூடாது, ஈபி ஒயரைத் தொடக் கூடாது. இவ்வளவுதான் ஆசை. இந்த ஆசைக்குப் பவழமல்லியைவிடப் பொருத்தமான மரம் சென்னையைச் சுற்றிக் கிடைக்காது. கவாத்து செய்துகொண்டே வந்தால் பத்துப் பன்னிரண்டு அடியில் அடங்கி நிற்கும். அந்தியில் பூத்து, விடிவதற்குள் உதிர்ந்து, பால்காரர் வரும்போது வாசலில் வெள்ளையும் ஆரஞ்சுமாகக் கிடக்கும்.

“பவழமல்லியா? பாரிஜாதம்! தெய்வீகமான மரம். நான் வேண்டாம்னு சொல்லலை. ஆனா அதை வெச்சுக்கிட்டுக் கிருஷ்ண பரமாத்மாவாலேயே நிம்மதியா இருக்க முடியலையே சார்.”

அதன்பிறகு முழுக் கதையும் வரும். நாரதர் கொண்டுவந்த பூ ருக்மிணிக்குப் போனது, சத்யபாமா கோபித்துக்கொண்டு படுத்தது, கிருஷ்ணர் இந்திரனோடு சண்டை போட்டு மரத்தையே பெயர்த்துக்கொண்டு வந்தது, பாமா வீட்டில் நட்ட மரம் சுவர் தாண்டி ருக்மிணி வீட்டில் பூவை உதிர்த்தது. எல்லாம் முடிந்தபின் குரலைத் தாழ்த்தி, “உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஏற்கெனவே காம்பவுண்டு விஷயத்துல ஏதோ…” என்று நிறுத்துவார். காம்பவுண்டு விஷயத்தில் அதுவரை எதுவும் இருந்திருக்காது. அவர் போன பிறகு, பக்கத்து வீட்டுக்காரர் மாடியில் துணி காயப்போடுகிற விதத்தில்கூட ஏதோ இருப்பதாகத் தோன்ற ஆரம்பிக்கும்.

சரி, அசோகம். நர்சரியில் அசோகா என்று தலையில் கட்டுகிற நெட்டிலிங்கம் இல்லை; கொத்துக் கொத்தாகச் செம்மஞ்சளில் பூக்கிற நிஜ அசோகம். மெதுவாக வளரும், அடக்கமான மரம்.

“சீதை அழுத மரம். நான் வேண்டாம்னு சொல்லலை. வீட்ல பொண்ணு இருக்குதேன்னு பார்த்தேன்.”

சீதை உட்கார்ந்திருந்தது சிம்சுபா மரத்தடியில் என்றுதான் வால்மீகி சொல்கிறார், படித்தவர்கள் எடுத்துச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். “இருக்கட்டும் சார். வனத்துக்குப் பேர் என்ன? சிம்சுபா வனமா?”

மகிழம்? இன்னும் நல்ல மரம். திருவண்ணாமலைக்கும் திருவொற்றியூருக்கும் அதுதான் தல விருட்சம். காய்ந்த பூவிலும் வாசனை போகாது. அவருக்கும் இதெல்லாம் தெரியும். நம்மைவிட நன்றாகவே தெரியும், அதுதான் வினையே. “ஒற்றியூர்ல அந்த மகிழடியிலதான் சுந்தரர் சங்கிலி நாச்சியாருக்கு ‘உன்னைப் பிரிய மாட்டேன்’னு சத்தியம் பண்ணினார். ஊர் எல்லையைத் தாண்டினார், ரெண்டு கண்ணும் போச்சு. உங்களுக்குக் கேட்டராக்ட் ஆபரேஷன் ஆகி எத்தனை மாசம் ஆச்சு?”

குருந்து என்று ஒரு சின்ன மரம் உண்டு. காட்டு எலுமிச்சைச் சாதி, வெள்ளைப் பூ. பொதுவாக இதை யாரும் தேடிப் போய் வாங்குவதில்லை. யாருக்குமே தெரியாத மரமாக இருந்தால் அவரிடம் கதை இருக்காது என்று கணக்குப் போட்டு ஒருவர் இதை வாங்கிவந்தார். அன்றைக்குத்தான் அவர் முகத்தில் உண்மையான வருத்தத்தைப் பார்த்தேன். “திருப்பெருந்துறையில மாணிக்கவாசகருக்கு இறைவன் காட்சி கொடுத்தது குருந்த மரத்தடியில. பெரிய விஷயம், நான் இல்லேங்கலை. ஆனா குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பின பணம் என்னாச்சு? அரசாங்கப் பணம் சார். அட்வான்ஸ் வாங்கினவர் கணக்கு முடிக்கலை. கோயில் கட்டிட்டார்.” சொல்லிவிட்டு நின்ற நிலையில், அந்தக் கோப்பு இன்னமும் அவர் மேஜையில்தான் நிலுவையில் இருக்கிறது போலிருந்தது.

புராணம் கைகொடுக்காத மரங்களுக்குப் பாம்பு. செண்பகத்துக்குப் பாம்பு வரும். மனோரஞ்சிதத்துக்குக் கேட்கவே வேண்டாம். மல்லிகைப் பந்தலுக்கே அவர் கணக்கில் ஒரு குட்டிப் பாம்பு உண்டு. பாம்பு பூவாசனைக்கு வருவதில்லை, எலிக்கும் தவளைக்கும் வருகிறது என்று சொன்னால், “அதெல்லாம் புஸ்தகத்துல” என்பார். வீடு கட்டி மிஞ்சிய செங்கல்லையும் உடைந்த டைல்ஸையும் கொல்லையில் வருஷக்கணக்காகக் குவித்து வைத்திருப்பவரும் அவரேதான். பொதுவாகச் சொல்கிறேன்.

பாம்புக்கும் அசராதவர்களுக்கு வேர். வேர் என்று அவர் சொல்லும்போது உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து ஐந்து விரலையும் மெல்ல விரிப்பார். “இப்போ தெரியாது. பத்து வருஷம் கழிச்சு செப்டிக் டேங்குக்குள்ள கையை விடும். அப்புறம் பெல்ட்டைத் தூக்கும்.” ஆல், அரசு, ஃபைகஸ் வகைகளுக்கு இது பொருந்தும், அவற்றைச் சுவரோரம் வைப்பவனுக்கு யாரும் பரிந்து பேச முடியாது. ஆனால் வெள்ளை மந்தாரைக்கும் நந்தியாவட்டைக்கும் இதையே சொல்கிறார். அவை ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே போகிற செடிமரங்கள். வேர் பெரும்பாலும் மேல்மண்ணில் இரண்டடிக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். குழாய்க்குள் வேர் நுழைகிறது என்றால் குழாய் அங்கே ஏற்கெனவே கசிகிறது என்று பொருள். இதை நம்மால் சொல்லி முடிக்க முடியாது. அதற்குள் வர்தா புயல் வந்துவிடும். “2016 டிசம்பர் 12-ஐ மறந்துட்டீங்களா?” மறக்கவில்லை. அன்றைக்குச் சென்னையில் சாய்ந்து கார்களின் மேல் விழுந்தவை குல்மோஹரும் தூங்குமூஞ்சியும் பெருங்கொன்றையும். பலவற்றின் அடியில் கழுத்துவரை சிமெண்ட் போட்டு வேர் பரவ இடமில்லாமல் வைத்திருந்தோம். மயில்கொன்றை விழுந்தால் அதிகம் போனால் செருப்பு ஸ்டாண்டு நசுங்கும்.

கடைசி அஸ்திரம் திசை. ஈசானி மூலையில் பாரம் கூடாது, அக்னி மூலையில் பச்சை கூடாது, நிருதியில் வைத்தால் குடும்பத் தலைவருக்கு ஆகாது, வாயு மூலையில் காற்றடைக்கும். மீதி இருப்பது நடு. “நடு பிரம்மஸ்தானம் சார்!” எட்டடிக்குப் பத்தடியில் ஐந்து இடமும் போயிற்று.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவர் தடுத்ததில் தடுக்க வேண்டியதும் இருந்தது. ஆந்திராவின் கடியத்திலிருந்து லாரியில் கன்று இறக்குகிற நர்சரிக்காரர் வேறு ஒரு ஜாதி. அவருக்குத் தெரிந்த ஒரே வாக்கியம் “நல்லா வரும் சார்.” ஜப்பான் செர்ரி கேட்டாலும் நல்லா வரும், ஆப்பிள் கேட்டாலும் நல்லா வரும். அவர் பேச்சைக் கேட்டு, புதிதாகக் குடிவந்த ஐ.டி. பையன் ஒருவன் போர்ட்டிகோ ஓரத்தில் நாகலிங்கம் வைக்கப் போனான். நூறடிகூடப் போகும் தென்னமெரிக்க மரம். தேங்காயைவிடப் பெரிய காய்கள் அடிமரத்திலேயே காய்த்துத் தொப்பென்று விழும். “நான் வேண்டாம்னு சொல்லலை தம்பி. ஹெல்மெட் இருக்கா?” என்றார். அன்றைக்கு அந்தப் பையனின் மண்டையைக் காப்பாற்றியவர் அவர்தான். சரக்கொன்றைக்கும் அப்படியே: முப்பதடி தாண்டும், நிழல் தேவைப்படுகிற வெயில் காலத்தில் இலையைக் கொட்டிவிட்டுப் பூ மட்டும் காட்டும் என்றார். அத்தனையும் சரி. தெருவில் மரத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதையும் மறுக்க முடியாது. பவழமல்லி இலையைப் பார்க்காமலே, தடவிச் சொரசொரப்பிலேயே சொல்லிவிடுவார். ஈழத்தலரிக் குச்சியை வெட்டியதும் நடக்காதே, பால் வடிந்து காயும்வரை நிழலில் போட்டுவை, இல்லாவிட்டால் அழுகும் என்று சொல்லிக்கொடுத்ததும் அவரே. அந்தக் குச்சி காய்ந்து தயாரானதும், “அது சுடுகாட்டு மரம்னு சொல்லுவாங்க, நான் சொல்லலை” என்றார்.

இத்தனை பேச்சுக்கும் பலன் என்ன? எங்கள் தெருவில் நடந்து பாருங்கள். வாசலுக்கு வாசல் பேவர் பிளாக். வெட்டிய குழியை என்ன செய்வதென்று தெரியாமல் மூடியவர்கள், மூடிய மண் மழையில் சேறாகிறதே என்று கல் பதித்துவிட்டார்கள். சித்திரையில் அதன்மேல் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. ராத்திரி ஒன்பது மணிக்கும் சூடு கக்குகிறது. மழைநீர் சேகரிப்பை 2003-ல் கட்டாயமாக்கிய மாநிலம் இது. இங்கே பெய்கிற மழை ஒரு சொட்டு உள்ளே போகாமல் தெருவுக்கு ஓடி, திரும்பி, தாழ்வான வீட்டுக்குள் வருகிறது. அந்தக் கல்லை இறக்க வந்த லாரிக்காரனை அவர் கேட்டருகே மறித்ததில்லை. பேவர் பிளாக்குக்குப் புராணம் இல்லை, பாம்பு வராது, வேர் விடாது. “பளிச்சுன்னு இருக்கு” என்றார். அவர் ஆட்சேபணை இல்லாமல் கையெழுத்துப் போட்ட ஒரே விஷயம் அதுதான். எனக்குச் சிரிப்பு நின்றுபோவது இந்த இடத்தில்தான்.

இன்னொன்றும் உண்டு. பொதுவாகத்தான் சொல்கிறேன். இப்படிப்பட்டவர்கள் வீட்டு மாடியில், தென்கிழக்குப் பக்கம் சன்ஷேடுக்கு மேலே, மழைநீர்க் குழாய் வளைகிற இடத்தில், காக்கை எச்சத்தில் முளைத்த ஓர் அரசங்கன்று இருக்கும். மூன்று வருஷமாக இருக்கும். வேர் சுவரைப் பிளந்து இறங்கி, பொதுச் சுவர் வழியாக அடுத்த வீட்டுச் சமையலறையில் ஈரம் காட்டும். அடுத்த வீட்டுக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் மரியாதையாகவே, “சார், அதைக் கொஞ்சம் பிடுங்கிடலாமா?” என்று கேட்பார்.

“அரச மரம் சார்! அதைப் பிடுங்கலாமா?”

எனவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். பவழமல்லியோ, வெள்ளை மந்தாரையோ, மஞ்சள் பூ டெகோமாவோ, ஒன்றை முடிவு செய்துவிடுங்கள். அவரிடம் கேட்டு முடிவு செய்யாதீர்கள். இரண்டடி ஆழம், இரண்டடி அகலம் போதும். கட்டட வேலையில் புதைந்த சிமெண்ட் கட்டியையும் செங்கல் துண்டையும் பொறுக்கி எறிந்துவிட்டுச் செம்மண்ணும் மக்கிய எருவும் நிரப்புங்கள். சுவரிலிருந்து நாலடி தள்ளி வையுங்கள். காற்றுக்கு ஒரு குச்சி நட்டுக் கட்டுங்கள். ஆடியில் அவர் பெங்களூருக்கு மகள் வீட்டுக்குப் போவார், ஆவணி பிறந்துதான் திரும்புவார்; பொதுவாக. அதற்குள் கன்று நாலு இலை விட்டுவிட வேண்டும். துளிர்த்த கன்றைப் பிடுங்கச் சொல்ல அவருக்கும் மனசு வராது, அதை அந்தச் சன்ஷேடிலேயே பார்த்துவிட்டோம்.