தனியாகப் பாடினால்...

கேள்வி: 'அயர்ன் மெய்டன்' ஹெவி மெட்டல் குழுவின் பாடகர் புரூஸ் டிக்கின்சனின் தனி ஆல்பம் 'தி மாண்ட்ரேக் ப்ராஜெக்ட்' கேட்டேன். சில பாட்டு தூக்குகிறது, சில பாட்டு தூங்க வைக்கிறது. இதற்கா 19 வருஷம் காத்திருந்தோம்?
- ஒரு வாசகர், திரேஸ்புரம், தூத்துக்குடி

பதில்: முத்துக்குளித்துறைக்காரர் கேட்கிற கேள்வியா இது? குவியல் குவியலாகச் சிப்பி பிளந்தால்தானே நாலு முத்து! 2005-க்குப் பிறகு 2024 மார்ச்சில்தான் தனி ஆல்பம் தந்திருக்கிறார். அப்போது வயது 65. 2015-ல் நாக்குப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்து மீண்டவர். அந்தக் குரல் இன்னும் உச்சிக்கு ஏறுவதே எனக்குப் பெரிய சந்தோஷம். கடைசிப் பாட்டு கிட்டத்தட்ட 10 நிமிஷம், இழுவைதான். குழுவில் என்றால் "போதும், நிறுத்து" என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள்.

தனியாக இறங்கியவர் என்றால், உங்க ஊர் நகைச்சுவை நடிகர் ஜே.பி.சந்திரபாபுவையே எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சிலிருந்து வரும் குரலைப் பாதியில் சட்டென்று உடைத்து உச்சந்தலைக்கு எகிறவிடுவாரே, அந்த யோடலிங்கைத் தமிழ் சினிமாவில் அவர்போல் யார் பாடினார்கள்? 1966-ல் அவரே இயக்கி நடித்த 'தட்டுங்கள் திறக்கப்படும்' வசூலில் படுத்துவிட்டது. ஆனால் எம்.எஸ்.வி. இசையில் வந்த 'கண்மணி பாப்பா' பாட்டைக் கேளுங்கள். சிரிக்க வைத்த மனிதர் தொண்டை அடைக்க வைப்பார். படம் ஓடாததால் அந்தப் பாட்டைத் தவறவிட்டவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

டிக்கின்சனையும் அப்படித் தவறவிட்டுவிடாதீர்கள். 'ரெயின் ஆன் தி கிரேவ்ஸ்' பாட்டை மட்டும் இன்னொரு தடவை, சத்தமாக வைத்துக் கேளுங்கள்.