வார்டு எண் தெரியாத அரசியல் விமர்சகன்

ஆஷ்ஃபோர்டு தொகுதி இங்கிலாந்தில் எங்கே இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன்: தென்கிழக்கே, கென்ட் பகுதியில். டெல்லி முனிர்காவில் நான் குடியிருக்கும் வார்டின் எண் என்ன என்று கேட்டால் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பிப்பேன்.

இந்த அறிவு எனக்கு வந்தது சோஜன் ஜோசப்பால். கோட்டயம் பக்கம் கைப்புழா என்ற ஊர்க்காரர். பெங்களூரில் நர்சிங் படித்து, 2001-ல் இங்கிலாந்து போனவர். மனநலப் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை. 2023-ல் ஆஷ்ஃபோர்டு நகரமன்றத்தில் கவுன்சிலர் ஆனார். மறு வருஷமே, தொழிற்கட்சி அவரை நாடாளுமன்றத் தேர்தலில் நிறுத்தியது. எதிரே நின்றவர் டேமியன் கிரீன். 1997 முதல் அங்கே எம்.பி., தெரசா மே ஆட்சியில் பிரதமருக்கு அடுத்த இடத்தில் இருந்தவர். 2019-ல் 24,000 ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தவர்.

முனிர்கா கிராமத்துச் சந்தில் நாங்கள் இட்லி சாப்பிடும் மெஸ்ஸில் பாதிப் பேர் மலையாளிகள், மிச்சம் நம்மாட்கள். அங்கே உட்கார்ந்துகொண்டு நான் தீர்ப்புச் சொன்னேன்: "நர்ஸ் வேலை வேற, எலெக்‌ஷன் வேற. டெபாசிட் வந்தாலே பெரிசு." மேஜையில் இருந்த அத்தனை பேருக்கும் மசால் தோசை பந்தயம். 2024 ஜூலை 4 அன்று ஓட்டுப்பதிவு. விடிந்தபோது சோஜன் 1,779 ஓட்டு வித்தியாசத்தில் எம்.பி. அந்தத் தொகுதியில் தொழிற்கட்சி ஜெயித்தது அதுவே முதல் தடவை. தோசைக்குப் பணம் கொடுத்தேன். அதைக்கூட மன்னித்துவிடலாம். ஒரு வாரம் கழித்து, மெஸ்ஸுக்குப் புதிதாக வந்த ஒரு பையனிடம், "நான் அப்பவே சொன்னேன், அந்த மனுஷன் ஜெயிச்சுருவார்னு" என்று ஆரம்பித்தேன். கல்லாவில் இருந்த சேட்டன் தலையை நிமிர்த்திப் பார்த்தார். மீதிக் காபியைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

அதோடு அடங்கினேனா? மாடி வீட்டில் நாகர்கோவில் சிஸ்டர் ஒருவர் இருக்கிறார். மத்திய அரசு ஆஸ்பத்திரியில் வேலை. நைட் டியூட்டி முடிந்து படியேறிக்கொண்டிருந்தவரை நிறுத்தி, "நீங்க ஏன் எலெக்‌ஷன்ல நிக்கக் கூடாது?" என்று கேட்டேன். சோஜன் கதையை முழுதாகச் சொன்னேன். மும்பையில் கிஷோரி பெட்னேகர் நர்ஸாக இருந்து, கவுன்சிலராகி, 2019-ல் மேயரானதையும், 2020 கொரோனா சமயத்தில் பழைய நர்ஸ் சீருடையைப் போட்டுக்கொண்டு நாயர் ஆஸ்பத்திரிக்குப் போனதையும் சொன்னேன். அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, பாதி தூக்கத்தில் கேட்டார். கடைசியில் சொன்னார்: "அண்ணாச்சி, நான் கவர்மென்ட் ஸ்டாஃப். கட்சியில மெம்பராக்கூட சேரக் கூடாது. நிக்கணும்னா வேலைய விட்டுட்டுத்தான் நிக்கணும். ஒங்களுக்குத்தான் ஒரு தடையும் இல்லியே, நீங்க நில்லுங்க."

அவர் சொன்னது சரி. 1964-ஆம் ஆண்டு மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளில் ஐந்தாவது விதி அதைத்தான் சொல்கிறது. இங்கிலாந்தில் அரசு மருத்துவ சேவையில் நர்ஸாக இருந்துகொண்டே கவுன்சிலராகவும் இருக்கலாம். பகலில் வார்டு நோயாளிகள், சாயங்காலம் வார்டு மக்கள். இங்கே அந்த முதல் படியிலேயே பூட்டு. நோயாளி பக்கத்தில் ராத்திரி முழுக்க நிற்பவருக்குக் கவுன்சிலர் நாற்காலி கிடையாது என்பது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் பூட்டே இல்லாத படியில் நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லத்தானே வேண்டும்.

எங்கள் அடுக்ககக் குடியிருப்போர் சங்கத்துக்குப் போட்டியிட்டேன், அதுவும் செயற்குழு உறுப்பினர் பதவிக்கு. மேடைப் பேச்சை 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தில் தொடங்கி, நகராட்சிகளுக்கு அதிகாரம் வந்த வரலாற்றை விளக்கிக்கொண்டிருந்தேன். முன்வரிசைப் பஞ்சாபி அங்கிள் ஒருவர், "பார்க்கிங் பத்திச் சொல்லுங்க பேட்டா" என்றார். என்னிடம் கார் இல்லை. பார்க்கிங் பற்றிக் கருத்தும் இல்லை. தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய ஆள் கூட்டி வந்தவர் ஜெயித்தார். அவருக்கு நானும் கை தூக்கியிருக்கலாம். தொட்டி நாறிக்கொண்டிருந்தது வாஸ்தவம்.

பிறகு வாசல் சாக்கடை அடைத்தது. நான் நாடாளுமன்ற உறுப்பினருக்கு மூன்று பக்க மனு எழுதினேன். நான் அதற்குப் பின்னிணைப்புத் தயாரித்துக்கொண்டிருந்தபோது, சிஸ்டர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் கவுன்சிலர் ஆபீஸில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். ஆள் வந்து அடைப்பை எடுத்தார்கள்.

இதில் எனக்கு ரொம்பவும் வெட்கமான விஷயம் இன்னொன்று. வார்டிலிருந்து மேலே போன கதைக்கு நான் கென்ட் வரை போயிருக்கவே வேண்டாம். எங்கள் முனிர்கா வார்டில் 2012-ல் சுயேச்சையாக ஜெயித்துக் கவுன்சிலரான பர்மிளா டோகஸ், 2015-லும் 2020-லும் ஆர்.கே.புரம் எம்.எல்.ஏ. ஆனார். அவர் நர்ஸ் இல்லை. ஆனால் படி அதே படிதான். அவர் போஸ்டர் ஒட்டிய சுவரை உரசிக்கொண்டுதான் நான் தினமும் பால் வாங்கப் போனேன். அவர் கவுன்சிலராக இருந்தவர் என்பதே, 2025-ல் அவர் தோற்ற பிறகுதான் எனக்குத் தெரியும்.

அவருக்கு ஓட்டுப் போட்டாயா, போடவில்லையா என்று கேட்காதீர்கள். என் ஓட்டு பாளையங்கோட்டையில் இருக்கிறது. மாற்றலாம் என்று போன வருஷம் உட்கார்ந்து, புதிதாகப் பெயர் சேர்ப்பவர்களுக்கான படிவத்தைப் பூர்த்தி செய்து அனுப்பினேன். தள்ளுபடியாகித் திரும்பியது.

டெல்லி மாநகராட்சியின் 250 வார்டுகளுக்கும் அடுத்த தேர்தல் 2027 கடைசியில் வரவேண்டும். என்னைப் போல ஓட்டை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள் இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8. படிவம் 6 இல்லை.