காக்கா எச்சம் சார்

எலுமிச்சம்பழம் நசுக்கி ஒன்பதாம் நாள், புதுக் காரின் பானெட்டில் கடுகளவு கொப்புளம் கண்ணில் பட்டது. தடவினால் நெருடுகிறது, சுரண்டினால் வரவில்லை. பெயிண்ட்டுக்கு உள்ளேயே தூசி.

சர்வீஸ் அட்வைசர் குனிந்து பார்த்தார். "காக்கா எச்சம் சார்." எச்சம் மேலேதானே விழும், அடியில் எப்படிப் போச்சு என்றேன். "மரத்தடியில நிறுத்துறீங்களா?" இல்லை, வெயிலில். "அதான் சார், வெயில்!"

வாரன்ட்டி புத்தகத்தைப் புரட்டினேன். பறவை எச்சம், மரப்பிசின், அமில மழை எதற்கும் பொறுப்பில்லையாம். வானத்துக்குக் கீழே நிறுத்தாத கார்களுக்குத்தான் வாரன்ட்டி போலும்.

பதினான்கு போட்டோ, இரண்டு மாதம். கடைசியில் அனுமதி வந்தது: பானெட்டைத் தேய்த்து மறுபடி பெயிண்ட். தொழிற்சாலையில் வெறும் பாடியைச் சுமார் 140 டிகிரியில் சுடுவார்கள். ஒர்க்‌ஷாப்பில் வயரும் பிளாஸ்டிக்கும் உருகாமலிருக்க 60 டிகிரியோடு சரி. நாளை விற்கப் போனால், பெயிண்ட் தடிமனை அளக்கும் மைக்ரான் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு "ஆக்சிடென்ட் வண்டியா சார்?" என்பார்கள்.

டெலிவரி எடுக்கப் போகிறவர்களே, கையெழுத்துப் போடுமுன் பகல் வெளிச்சத்தில் வண்டியை ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். எலுமிச்சம்பழம் காத்திருக்கும்.